ஏழே கால் அடி உயரத்தில் பிள்ளைகளுக்கு ஓர் அறை

எங்கள் வீடு பெங்களூர் அல்சூரில், ஏரிப் பக்கமாகச் சரியும் ஒரு தெருவில் இருக்கிறது. மாமனார் காலத்துக் கட்டடம். முன்பக்கத் தெரு மேடு, பின்பக்கச் சந்து பள்ளம். முன்னால் நின்று பார்த்தால் கீழ் அறை முக்கால்வாசி மண்ணுக்குள் புதைந்திருப்பது போலத் தெரியும். அந்தப் பக்கம் இருப்பது சீலிங்கை ஒட்டிய இரண்டு வெண்டிலேட்டர் மட்டும். உள்ளே நின்று நிமிர்ந்தால் தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரியும். பின்னால் சுற்றிப் போனால் அதே அறைக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டு படி இறங்கினால் சந்து.

இத்தனை வருடம் அது சாமான் அறையாகக் கிடந்தது. கொலுப் பெட்டிகள், அத்தையின் பழைய தையல் மிஷின், யாரும் அரைக்காத ஆட்டுக்கல். மேலே இருப்பதோ இரண்டே அறை. பெரியவளுக்கு 11 வயதாகிவிட்டது, சின்னவனுக்கு 7. ஹாலில் பாய் விரித்துப் படுக்கும் ஏற்பாடு இனிமேல் ஒத்துவராது. "எப்படி இருந்தாலும் பரவால்லம்மா, எங்களுக்குன்னு ஒரு ரூம் குடு" என்று பெரியவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு சாமான்களை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கினோம். ஏப்ரல் கடைசியில்தான் முடிந்தது.

வர்ணம், திரை என்று யோசிக்கும் முன்னால், இங்கே பிள்ளைகளைப் படுக்க வைக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் டெல்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலத்தடி நூலகத்துக்குள் மழைத்தண்ணீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்த செய்தி எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான்கு பக்கமும் மண் மூடி, மேலே ஏறித்தான் வெளியே வர முடியும் என்கிற அறையாக இருந்திருந்தால் நான் இந்த வேலையையே தொட்டிருக்க மாட்டேன். எங்கள் அறையின் தரை சந்தைவிட ஓரடிக்கு மேல் உயரம். உள்ளே தண்ணீர் வந்தாலும் பின்கதவு வழியாக வடிந்துவிடும். வீட்டுக்குள் ஏறும் படி ஒன்று, சந்துக்கு இறங்கும் கதவு ஒன்று என்று வெளியேற இரண்டு வழி. சந்தில் தண்ணீர் அதிகபட்சம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அத்தையிடம் கேட்டேன். நாற்பது வருடத்தில் முதல் படியைத் தாண்டியதில்லை என்றார். அதற்குப் பிறகுதான் மனசு சமாதானம் ஆனது. பின்கதவின் மேல் தாழ்ப்பாளைக் கழற்றி, சின்னவனுக்குக் கை எட்டும் உயரத்தில் மாட்டினேன். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தடவிப் போய்த் திறக்க இரண்டு பேருக்கும் பழக்கினேன்.

அளவு சொல்லிவிடுகிறேன். அறை 14 அடிக்கு 10 அடி. உயரம் 7 அடி 3 அங்குலம். நடுவே தெருப் பக்கத்திலிருந்து சந்துப் பக்கம் வரை ஒரு பீம் ஓடுகிறது. அதன் கீழே 6 அடி 4 அங்குலம்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. எங்களுடையது 2.2 மீட்டர். குறைகிற அரை மீட்டரை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. காற்று, வெளிச்சம், ஈரம் மூன்றிலும் சமரசம் செய்துகொள்ளாமல் இருந்தால்தான் அந்தக் குறையோடு பிள்ளைகள் அங்கே சுகமாக இருக்க முடியும் என்று எனக்குப் பட்டது.

ஈரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதி நாளும் பாதிப் பணமும் அதற்குத்தான் போனது.

தெருப் பக்கச் சுவர் சைஸ் கல்லில் கட்டியது, மேலே சிமெண்ட் பூச்சு. மூன்று வருடம் முன்னால் ஒரு பெயிண்ட் கான்ட்ராக்டரை வைத்துப் பட்டி பார்த்து, கழுவக்கூடிய பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருந்தோம். முதல் மழைக்காலம் முடிவதற்குள் முழங்கால் உயரம் வரை அப்பளம் போலக் கொப்புளித்துவிட்டது. விரலால் அழுத்தினால் உள்ளே வெள்ளை மாவு. சுவர் கெட்டுப்போய்விட்டது என்றுதான் அப்போது நினைத்தோம். இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தபோதுதான் நடப்பது விளங்கியது. மண்ணிலிருந்து ஈரம் கல்லுக்குள்ளும் பூச்சுக்குள்ளும் ஏறுகிறது. ஏறுகிற தண்ணீர் உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு அங்கேயே படிகமாக நின்றுவிடுகிறது. மேலே பிளாஸ்டிக் படலம் இருந்தால் ஆவி வெளியே போக வழியில்லை. படலத்துக்குப் பின்னாலேயே உப்பு திரண்டு, அதைத் தள்ளி உரித்துவிடுகிறது. பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தச் சுவருக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வந்து குளிர்ந்த சுவரில் படிகிறதா என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஓரடிச் சதுரத்துக்கு பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் பின்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். நான் ஐந்து இடத்தில் ஒட்டினேன். தெருப் பக்கச் சுவரில் மூன்று தாளும் பின்பக்கம் நனைந்திருந்தன. படிக்கட்டை ஒட்டிய உள்சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது. இடப்பக்கச் சுவரில் லேசாகப் பனி மட்டும். எந்தச் சுவருக்கு என்ன செய்யலாம் என்பதை அந்த ஐந்து தாள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று வெளியே போய்ப் பார்த்தோம். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் நேராக அந்தச் சுவரின் அடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், நான் ஆசையாக வளர்க்கும் செம்பருத்திக்கும் துளசிக்கும் கட்டிய மண் பாத்தி. அதற்குத் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். பாத்தியின் மண் மட்டம் அறையின் தரையைவிடப் பல அடி மேலே இருக்கிறது. தினமும் நானேதான் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். குழாயை நீட்டித் தெருச் சாக்கடையில் சேர்த்தோம்; செடிகளைத் தொட்டிக்கு மாற்றிப் பாத்தியை எடுத்தோம்; சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குத் தெருவைப் பார்த்துச் சரிவாக சிமெண்ட் போட்டோம். இதற்கெல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்கூட ஆகவில்லை. இதைச் செய்யாமல் உள்ளே என்ன பூசியிருந்தாலும் வீண்தான்.

உள்பக்கம் மேஸ்திரி அண்ணன் வேலை. தருமபுரிக்காரர், அறுபதைத் தாண்டியவர். "சிமெண்ட்ட உரிச்சிடலாம்மா. இந்தக் கல்லுக்கு சுண்ணாம்புதான் ஒத்துப்போகும்" என்று அவரே சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்ததும் அதுதான். தரையிலிருந்து நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சை உளி வைத்து எடுத்தார். கல்லின் மேல் படிந்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, மறுபடியும் கரைந்து உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்து, முறத்தில் பிடித்து வெளியே கொட்ட வேண்டும். அப்புறம் மூன்று வாரம் சுவரை அப்படியே விட்டோம். பெங்களூரில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை அபூர்வம், காற்றும் வறண்டிருக்கும். இந்த வேலைக்கு அதுதான் காலம். ஜூலையில் தொடங்கியிருந்தால் மூன்று மாதமானாலும் காய்ந்திருக்காது. பிப்ரவரி நடுவில் ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் கலந்து, இரண்டு பூச்சாகப் பூசினார். சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகத்தான் இறுகும். ஒரு வாரம் காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளித்து, சணல் சாக்கைத் தொங்கவிட்டு வைத்தேன்.

மார்ச்சில் வெள்ளை அடித்தோம். இதை நானும் பெரியவளும் செய்தோம். சின்ன வயதில் எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது பொங்கிக் கொதிக்கும், அதன் பக்கத்தில் எங்களை விடமாட்டார்கள். அந்தச் சூடு உண்மையிலேயே ஆபத்தானது. அதனால் நீற்றி வைத்த சுண்ணாம்பாகவே வாங்கினேன். அப்போதும் கையுறை, கண்ணாடி இல்லாமல் பெரியவளைத் தொட விடவில்லை. கண்ணில் பட்டால் சுண்ணாம்பு பொல்லாதது.

பதம் பால் மாதிரி இருக்க வேண்டும், தயிர் மாதிரி இருந்தால் காய்ந்ததும் வெடித்து உதிரும். சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, நார் மட்டையால் மேலும் கீழும் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. அடிக்கும்போது பார்த்தால் ஒன்றுமே ஒட்டாத மாதிரி, கண்ணாடி போலத் தெரியும். பெரியவள் முகம் வாடிவிட்டது. மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன்னால் கீழே ஓடிப் பார்த்துவிட்டு "அம்மா, வெள்ளையாயிடுச்சு!" என்று கத்தினாள். ஈரம் காய்ந்தால்தான் வெள்ளை தெரியும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாக மாறுகிற வேலையும் அதோடு தொடங்குகிறது. ஒரே இரவில் முடிவதில்லை, அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று கோட் அடித்தோம். கடைசி கோட்டில் கொஞ்சம் நீலம் கலந்தேன். பசை பிடிக்கட்டும் என்று கஞ்சியோ வஜ்ஜிரப் பசையோ சேர்ப்பது வழக்கம். நான் சேர்க்கவில்லை. ஈரமுள்ள அறையில் அது பூஞ்சைக்குத் தீனி. சுண்ணாம்பின் காரம்தான் பூஞ்சையைத் தள்ளி வைக்கிறது; அதில் கஞ்சியைச் சேர்த்து அதன் வேலையைக் கெடுப்பானேன்?

தரை எங்களுக்குக் கிடைத்த பரிசு என்றே சொல்வேன். மரம் மாதிரி அச்சடித்த வினைல் ஷீட் போட்டிருந்தார்கள். அதைச் சுருட்டினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை, மூக்கைப் பிடிக்கும் வாடை. அதற்கும் கீழே அந்தக் காலத்து ரெட் ஆக்சைடு தரை, ஓரமாக இரண்டு விரிசலைத் தவிர முழுசாக! ஆசிட் ஊற்றவே கூடாது, நிறம் செத்துவிடும். பூந்திக்கொட்டை ஊற வைத்த தண்ணீரால் மூன்று நாள் தேய்த்துக் கழுவினோம். 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்தோம். நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, இரவு விட்டு, காலையில் பழைய பருத்திப் புடவையால் அழுத்தித் துடைத்தோம். நான்கு வாரம், வாரம் ஒரு தடவை. அதிகம் தடவினால் வழுக்கும், துடைப்பதில் சோம்பல் கூடாது. இப்போது சந்துப் பக்க ஜன்னல் வெளிச்சம் அந்தச் சிவப்பில் பட்டு சீலிங் வரை இளஞ்சிவப்பாக எழும்புகிறது.

மின்சார வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீலிங் ஃபேனுக்குக் கீழே குறைந்தது 2.4 மீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டடியாவது வேண்டும். கட்டில் மேல் குதிக்கும் பிள்ளைகள் இருக்கும் அறையில் அதுகூடப் போதாது. அதனால் சீலிங்கில் எதையும் தொங்கவிடவில்லை. சுவர் ஃபேன் ஒன்று, 16 அங்குலம். தெருப் பக்க வெண்டிலேட்டர் ஒன்றில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். சந்துப் பக்க ஜன்னலும் கதவின் அடியில் விட்ட இடைவெளியும் காற்று உள்ளே வரும் வழி. விளக்குகள் ஐந்தரை அடி உயரத்தில் சுவரில், வெளிச்சம் சீலிங்கைப் பார்த்து அடிக்கும்படி. மேலிருந்து இறங்கும் வெளிச்சம் தாழ்ந்த சீலிங்கை இன்னும் கீழே இழுத்துக் காட்டும். மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் அதைத் தூக்கிக் காட்டும். ஈரம் வரக்கூடிய அறை என்பதால் இந்த அறைக்கென்று தனியாக, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டோம். ஒயர், சுவிட்ச் எல்லாம் மின்சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கியதால் மிச்சம் பிடித்த பணத்தை இதில் போட்டேன். எங்கே கையை இறுக்கினாலும் இதில் இறுக்கக் கூடாது.

கட்டில் விஷயத்தில் சின்னவனுக்குப் பெரிய ஏமாற்றம். அடுக்குக் கட்டில் கேட்டான். டேப்பைக் கையில் கொடுத்து அவனையே அளக்கச் சொன்னேன். மேல் கட்டிலின் மெத்தை ஐந்தடிக்கு வரும். அதற்கு மேல் மிச்சம் 27 அங்குலம். பெரியவளை உட்கார வைத்து இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை அளந்தோம், 29 அங்குலம் வந்தது. "அக்கா தலை இடிக்கும்" என்று அவனே சொல்லிவிட்டான். சரி என்று இரண்டு தனிக் கட்டில்கள் செய்யச் சொன்னோம், ஒவ்வொன்றும் ஓரடி உயரம். அடியில் காற்றோட, பலகைக்குப் பலகை இரண்டு விரல் இடைவெளி, கால் நான்கிலும் ரப்பர் காப்பு. தெருப் பக்கச் சுவரில் எந்தச் சாமானும் சாய்க்கவில்லை. பெரியவள் கட்டில் ஜன்னலுக்கு அடியில், சின்னவன் கட்டில் உள்சுவரை ஒட்டி. பீமுக்கு நேர் கீழே எதுவும் இல்லை. கட்டில் மேல் நின்று துள்ளினால் தலை எங்கே போகும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த இடத்தை ஒதுக்கினேன்.

அந்த பீமை மறைக்க எத்தனையோ யோசனை வந்தது. கடைசியில் அதையே எல்லையாக வைத்துக்கொண்டோம். அதன் நீளத்துக்கு ஒரு கம்பி போட்டு, என் அம்மாவின் இரண்டு மதுரைச் சுங்குடிப் புடவைகளை பீமிலிருந்து தரை வரை திரையாக விட்டேன். பகலில் ஒதுக்கிவிட்டால் ஒரே அறை. இரவில் இழுத்துவிட்டால் ஏழுக்குப் பத்தடியில் ஆளுக்கு ஒரு பங்கு. பதினோரு வயதுப் பெண்ணுக்குக் கதவடைத்துக்கொள்ள இடம் கொடுக்க முடியவில்லை, இந்தத் திரையையாவது கொடுத்தேன். சின்னவன் திரையை விலக்கும் முன்னால் "அக்கா, வரலாமா?" என்று கேட்க வேண்டும் என்பது அவர்களாகவே போட்டுக்கொண்ட விதி.

அலங்காரத்தில் ஒரு தப்பு செய்து திருத்தினேன். முதலில் மூன்றடி உயரம் வரை ஒரு நிறம், அதற்கு மேல் வெள்ளை, நடுவில் ஒரு பார்டர் என்று இடப்பக்கச் சுவரில் கோடு போட்டுப் பார்த்தேன். குறுக்கே ஓடிய அந்தக் கோடு சுவரை இரண்டாக வெட்டி, அறையை இன்னும் குள்ளமாக்கிவிட்டது. அன்று சாயங்காலமே அதன் மேல் வெள்ளை அடித்தேன். பெரியவள்தான் "ஊர்க் கோயில் சுவர் மாதிரி அடிக்கலாமே" என்றாள். காவியும் வெள்ளையுமாக மேலிருந்து கீழே இறங்கும் பட்டை! எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை. கண் பட்டையைப் பிடித்துக்கொண்டு மேலேயும் கீழேயும் போகும், உயரம் கூடித் தெரியும். கோயில் மதிலின் அகலத்தில் ஓரடிப் பட்டையாகக் கரியால் வரைந்து பார்த்தோம், இந்தக் குட்டைச் சுவருக்குத் தடிமனாக இருந்தது. மூன்று அங்குலம் கண்ணைப் பறித்தது. ஆறு அங்குலம் சரியாக வந்தது. பத்தடிச் சுவருக்கு இருபது பட்டை, காவி பத்து, வெள்ளை பத்து.

சுண்ணாம்புச் சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் உரிக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஒரு மூலையில் ஒட்டிப் பார்த்ததால் தப்பித்தோம். மேஸ்திரி அண்ணன் தூக்குக் குண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியவள் ஸ்டூலில் நின்று நூலை மேலே பிடிக்க, குண்டு ஆட்டம் நின்றதும் சின்னவன் கீழே அழுத்திப் பிடிக்க, காவிப்பொடி தேய்த்த நூலை நான் நடுவில் சுண்டிவிட, சுவரில் மெல்லிய சிவப்புக் கோடு விழும். பத்தொன்பது கோடு. ஒவ்வொரு தடவையும் சின்னவன் கைதட்டினான். சுண்ணாம்பில் காவிப்பொடி எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் தேய்த்தால் கையோடு வரும். அதனால் கோயில் காவியின் அழுத்தம் இதில் வராது. காய்ந்தபோது பழைய ஓட்டின் நிறத்துக்கு வந்தது. ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பக் கூடாது, காய்ந்தால் பாதியாக வெளுத்துவிடும். ஒரு சாண் இடத்தில் அடித்து ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் கலவையை முடிவு செய்தோம். கைபடும் சுவர் என்பதால் இதன் கடைசிக் கோட்டில் மட்டும் ஒரு வாளிக்கு இரண்டு கரண்டி ஆளிவிதை எண்ணெய் கலந்தேன். ஓரங்கள் கையால் அடித்தவை, அங்கங்கே நெளிந்திருக்கின்றன. எனக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறது.

சின்னவன் கட்டிலை ஒட்டிய உள்சுவர் காய்ந்த சுவர் என்று பாலிதீன் தாள் சொன்னதல்லவா, அங்கே இரண்டு கோரைப் பாயை ஒரு அங்குலக் கட்டை அடித்து, பின்னால் காற்றுப் போகும்படி மாட்டினேன். சாய்ந்து படிக்க இதமாக இருக்கிறது. இதே பாயை ஈரச் சுவரில் மாட்டியிருந்தால் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்திருக்கும்.

சீலிங் கான்கிரீட், காய்ந்தது; அதற்குச் சாதாரண மேட் வெள்ளை எமல்ஷன். தாழ்வாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு என்று அங்கேதான் கண்டுபிடித்தோம். பெரியவள் ஸ்டூலில் ஏறினால் சீலிங் கைக்கு எட்டும். பெரியவளுக்குக் கேட்டை நட்சத்திரம், சின்னவனுக்குத் திருவாதிரை. கேட்டை என்றதும் உறவில் சிலர் முகம் மாறியதை அவள் சின்ன வயதிலேயே கவனித்திருக்கிறாள். எனக்கு அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வானத்தில் கேட்டை என்பது விருச்சிகத்தின் நெஞ்சில் இருக்கும் அண்டாரிஸ். திருவாதிரை என்பது ஓரியன் வேட்டைக்காரனின் தோளில் இருக்கும் பீட்டல்ஜூஸ். இரண்டுமே சிவப்புப் பெருவிண்மீன்கள், இரண்டுமே நம் சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகலமானவை. இதை அவளிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்ப அதையே மேல வரையலாம்மா" என்றாள்.

நட்சத்திர வரைபடத்தைப் புள்ளிக் கோலம் மாதிரி கட்டம் போட்டுப் பெரிதாக்கினோம். அவள் பக்கச் சீலிங்கில் தேள், கொடுக்கு வளைவோடு. அவன் பக்கம் வேட்டைக்காரன், இடுப்பில் வரிசையாக மூன்று. இருட்டில் ஒளிரும் பெயிண்டை பட்ஸில் தொட்டுப் புள்ளி வைத்தார்கள். பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பட்டாணி அளவு, மங்கலானதற்குக் கடுகு அளவு. சிவப்பில் ஒளிரும் பெயிண்ட் சரியாக ஒளிர்வதில்லை. அதனால் அந்த இரண்டு நட்சத்திரத்தைச் சுற்றி மட்டும் காவியில் ஒரு வட்டம், பகலில் தெரிவதற்கு. நிஜ வானத்தில் இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து இருக்காது, ஒன்று கிழக்கே ஏறும்போது மற்றது மேற்கே இறங்கிவிடும். எங்கள் அறையில் நடுவிலிருக்கும் பீம்தான் அடிவானம். மே மாத இரவில் மொட்டை மாடியில் நின்று தெற்குப் பக்கம் தேளை அவள் தானாகவே அடையாளம் கண்டு தம்பிக்குக் காட்டினாள்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். படம், அலமாரி, கொக்கி எதுவும் நாலரை அடிக்கு மேல் இல்லை. நான் நின்று பார்க்கும் உயரத்தை மறந்துவிட்டு, தரையில் முட்டி போட்டு அவர்கள் கண் மட்டத்திலிருந்து பார்த்துத்தான் ஒவ்வொரு ஆணிக்கும் இடம் குறித்தேன். மேலே ஏறக்குறைய இரண்டு முழம் சுவர் சும்மா இருப்பதால் அறை மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே உடையாத அக்ரிலிக் கண்ணாடி ஒன்று. மொத்தச் செலவு ஏறக்குறைய 60,000 ரூபாய், அதில் கட்டில்களுக்கு 22,000.

400 ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஜனவரியில் மேல் வீட்டில் 52 சதவீதம் காட்டிய அன்று கீழே 74 காட்டியது. வேலை முடிந்தபோது 58. மே முதல் வாரம் மூன்று நாள் தொடர்ந்து சாயங்கால மழை பெய்தது. 66 வரை ஏறி, மறுநாள் வெயில் வந்ததும் எக்ஸாஸ்ட் போட, மதியத்துக்குள் 61-க்கு இறங்கிவிட்டது. மழை நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளி ஈரமும் உள்ளே வந்து குளிர்ந்த கல்லில் படிகிறது. மழை விட்டுக் காற்று உலர்ந்த பிறகு திறப்பதே நல்லது என்று அந்த மூன்று நாளில் புரிந்தது.

தெருப் பக்க இடது மூலையில் மட்டும் தரையிலிருந்து அரையடி உயரத்துக்கு இன்னும் உப்பு பூக்கிறது. பழைய உப்பு முழுசாக வெளியேற ஒன்றிரண்டு மழைக்காலம் ஆகும் என்கிறார் மேஸ்திரி அண்ணன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ந்த பிரஷால் தட்டி முறத்தில் அள்ளிவிடுகிறேன். இங்கே பெருமழை செப்டம்பர், அக்டோபரில்தான். அது முடியும் வரை பெரியவளின் புத்தக அலமாரியை அந்த மூலைக்கு நகர்த்தப் போவதில்லை.